இறப்புச் சான்றிதழில் ‘இதய நிறுத்தம்’: வழக்கு நிற்குமா?

கேள்வி: மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு ஏற்பட்டு, நினைவில்லாத நிலையில் சேர்க்கப்பட்ட என் தந்தை, இரண்டாம் நாள் அதிகாலை இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்தார். சான்றிதழில் ‘இதய நிறுத்தம்’ என்றிருக்கிறது. மருத்துவர் எங்களிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை; செவிலியர் கடுமையாகப் பேசினார். இதய நோயை மறைத்ததாக வழக்குத் தொடரலாமா?

பதில்: மருத்துவர் முகங்கொடுத்துப் பேசாததும், செவிலியரின் கடுஞ்சொல்லும் தங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பதை உணர்கிறேன், ஆனால் அவை வழக்குக்கு உதவமாட்டா. சட்டத்தின் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: துடிப்பு கெடப்போவதற்கான அறிகுறி தெரிந்த பிறகு, செய்ய வேண்டியதைச் செய்தார்களா?

தாங்கள் அனுப்பிய தாள்களில் அதற்கான தடயம் இருக்கிறது. முதல் நாள் இசிஜியில் கியூடி இடைவெளி (ஒரு துடிப்புக்கு இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்று, மீண்டும் தயாராகும் நேரம்) நீண்டிருக்கிறது; அது நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். அன்று காலை 6 மணிக்கு இரத்தத்தில் பொட்டாசியம் 2.9, அதாவது இயல்பைவிடக் குறைவு; அதை ஈடுசெய்ததாகக் குறிப்பில்லை; குறைந்தால் அதேபோல் துடிப்பைக் கெடுக்கக்கூடிய மக்னீசியத்தைப் பார்த்ததாகவும் இல்லை; அதே பக்கத்தில், கியூடியை மேலும் நீட்டக்கூடிய ஆன்டான்செட்ரான் வாந்திக்காகத் தரப்பட்டிருக்கிறது.

‘இதய நோயை மறைத்தார்கள்’ என்ற வாதத்தை மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். இவ்வகைக் கசிவின்போது உடலில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் பெருக்கெடுப்பதால், நோயே இல்லாத இதயமும் பாதிக்கப்பட்டு, மாரடைப்பு போன்ற இசிஜி மாற்றங்களும் டிரோபோனின் (இதயத்தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் புரதம்) உயர்வும்கூடத் தோன்றலாம். மூளைத் தாக்குதலில் காணும் இத்தகைய இசிஜி மாற்றத்தை அமெரிக்க இதய மருத்துவர் பர்ச்சின் குழுவினர் 1954-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். என் கட்சிக்காரர் ஒருவர், இதே நோயில் இறந்த தாய்க்கு மாரடைப்புக்கான ஹெப்பாரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) தரவில்லை என்று மனுவில் எழுதிக்கொண்டு வந்தார். இரத்தம் கசியும் மூளைக்கு அந்த மருந்து எமனாகலாம் என்பதைக் குறுக்கு விசாரணையில் அவருடைய நிபுணரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது; பொட்டாசியம் பற்றிய நல்ல வாதமும் அதோடு சேர்ந்து அடிபட்டுப்போனது. அவருடைய நிபுணர் இதய மருத்துவர் என்பதும் ஒரு பிழை; இங்கே தேவைப்படுபவர் மூளை தீவிர சிகிச்சையில் பழகியவர்.

இதைவிடப் பெரிய பள்ளம் காரணத் தொடர்பு. கவனக்குறைவை நிறுவினாலும், துடிப்பு சீராக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதைத் தாங்கள்தான் காட்ட வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் சேர்க்கப்பட்டவர் கசிவினாலேயே இறந்திருப்பார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். சேர்க்கைக் குறிப்பு அவர்களுக்கே கைகொடுக்கும். ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: நியாயமான தொகை முன்வைக்கப்பட்டால் சமரசம் செய்துகொள்ளுங்கள். பேச்சைத் தொடங்குமுன், அந்த இரவின் மானிட்டர் பதிவுகளை எழுத்து மூலம் கேளுங்கள். பல கருவிகளில் பழைய பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும்.