அட்வான்ஸ் கட்டும் முன் அக்ரி பக்கம் பாருங்கள்

மகளுக்குப் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியும் உயிரியலும் நல்ல மார்க். கொழுந்தனாரும் நாத்தனாரும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டட்டுமா என்று கேட்கிறீர்கள். கட்டாதீர்கள் அம்மா. பயிரையும் பூச்சிமருந்தையும் பற்றிப் பேசுகிற பெண்ணுக்கு, அவள் கேட்காத படிப்பை நகையை அடகு வைத்து வாங்குவது தவறு. வட்டி கட்டும்போது சொந்தக்காரர் ஒருவரும் கூட நிற்கப்போவதில்லை.

இன்ஜினியரிங், நீட் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் பூச்சிமருந்து ஆய்வாளர் வேலையைச் சொல்கிறேன்.

1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மருந்தைப் பதிவு செய்து அனுமதிப்பது ஃபரீதாபாத்தில் உள்ள மத்தியப் பதிவுக் குழு. மருந்தின் வேதியியல், பயிரில் அதன் பலன், நச்சுத்தன்மை, பேக்கிங்-லேபிள் எல்லாவற்றுக்கும் கம்பெனி தரவு கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பைத் தயாரிப்பதே தனி வேலை. ஆனால் உரக்கடை பாட்டிலில் லேபிளில் போட்ட அளவு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது மாநில அரசின் பூச்சிமருந்து ஆய்வாளர்தான். மாதிரிக்கு உரிய விலையைக் கொடுத்து, மூன்றாகப் பிரித்து, சீல் வைப்பார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. ஆய்வக அறிக்கை 30 நாளில் வரவேண்டும். அதை மறுக்க மாதிரி கொடுத்த கடைக்காரருக்கு 28 நாள் உண்டு. மறுத்தால் மத்திய ஆய்வகத்தில் மறுபரிசோதனை. இதற்குள் மருந்து காலாவதியாகிவிட்டால் மறுபரிசோதனை உரிமையே போயிற்று என்று வாதாடி, விற்றவர் தப்பிவிடுவார். போலி மருந்து அடித்த விவசாயிக்குப் பயிர் போனதுதான் மிச்சம். வட்டாரத்தில் விதை, உரம், மானியம் பார்க்கும் அதே அலுவலர் தலையில்தான் பெரும்பாலும் இந்த வேலையும் விழுகிறது. தேதி தவறுவதற்கு அது பெரிய காரணம். ஆர்வத்தோடு வருகிற பிள்ளைகள் இங்கேதான் தேவை.

ஒன்றைக் கவனியுங்கள். கெமிஸ்ட்ரி படித்த பட்டதாரியும் ஆய்வாளர் ஆகலாம் என்று விதி சொன்னாலும், தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு வேளாண் அலுவலர்களிடம்தான் போகிறது. அதற்கு நான்கு வருட பி.எஸ்சி. அக்ரி, பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை; நுழைவுத் தேர்வு இல்லை. அதன் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; இன்ஜினியரிங் விண்ணப்பம் போட்டதோடு நின்றுவிடாதீர்கள். அரசு ஒதுக்கீட்டு சீட் கிடைத்தால் சேருங்கள். அக்ரியே ஆனாலும் மேனேஜ்மென்ட் சீட் வேண்டாம். வேளாண் அலுவலர் தேர்வு வருடம் தவறாமல் வருவதில்லை, கடனோடு காத்திருக்க முடியாது.

முதலில் அவளை உரக்கடைக்குக் கூட்டிப் போங்கள். பாட்டில் லேபிளில் டைமண்ட் வடிவக் குறி இருக்கும்; அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஒரு நிறத்தில் இருக்கும். சிவப்புதான் கடும் விஷம். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்றும் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு வயலுக்குப் போக விரும்பினால் அக்ரி. ஆய்வகம்தான் பிடிக்கிறது என்றால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பிறகு எம்.எஸ்சி. மிளகாய், ஏலக்காய் ஏற்றுமதிக்கு மருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகங்களில் எச்.பி.எல்.சி., ஜி.சி. என்னும், வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையைத் தொடவே வேண்டியிருக்காது.