"என்ன வேணும்னு சொல்லு, செய்றேன்!"

கேள்வி: தங்கையின் கணவர் தவறி 3 வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நல்ல வேலையில் இருக்கிறாள். சமையலுக்கு ஆள் உண்டு, வாஷிங் மெஷின் உண்டு. அடுத்த தெருவிலிருக்கும் நானும் "என்ன வேணும்னு சொல்லும்மா, செய்றேன்" என்று வாரம் தவறாமல் கேட்கிறேன். ஆனாலும் எப்போது பார்த்தாலும் அசதி, எரிச்சல். அப்படி என்னதான் பாரம்?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: நீங்கள் வாரம் தவறாமல் கேட்கிறீர்களே, அதிலேயே இருக்கிறது. என்ன வேண்டும் என்று சொல்வதற்கு, எது தீரப்போகிறது, எதற்கு எப்போது கெடு என்பதையெல்லாம் ஒருவர் மண்டையில் வைத்திருக்க வேண்டாமா? அந்த உத்தியோகத்தைத் தங்கையிடமே விட்டுவிட்டு, பை தூக்கும் வேலையை மட்டும் கேட்கிறீர்கள்.

சமையலுக்கு ஆள் இருக்கிறார், சரி. நாளைக்கு என்ன சமைக்கச் சொல்வது, உளுந்து ஊறப் போட்டாயிற்றா, அந்த அம்மா லீவு போட்டால் என்ன வழி என்று இரவு 11 மணிக்கு விழித்துக் கிடப்பது உங்கள் தங்கைதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் எகிறுமே என்று நடுவில் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் மீட்டரை எட்டிப் பார்ப்பதை எந்த பில்லில் சேர்ப்பது? அப்புறம் அந்த சார்ட் பேப்பர். கடை சாத்திய பிறகுதான் பிள்ளைகளுக்கு அது ஞாபகம் வரும். (எல்லா வீட்டிலும் ஏனோ இப்படித்தான்.) கணவன் இருக்கும் வீட்டிலும் இதெல்லாம் பெரும்பாலும் மனைவி தலையில்தான். ஆனால் அங்கே "நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமே" என்று சண்டை போடவாவது ஓர் ஆள் உண்டு.

சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதுவும் அரை மணி அரை மணியாக, என்ன செய்தீர்கள் என்று கேட்டுக் குறித்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி ஃபீஸ் கட்டக் கடைசித் தேதியை எண்ணுவதெல்லாம் பயணக் கணக்கில் போய்விடும்.

உதவத்தான் வேண்டுமென்றால் ஒரு இலாகாவை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டரில் ஆரம்பிக்கலாம். "புக் பண்ணட்டுமா?" என்று கேட்காதீர்கள், எப்போது தீரும் என்பதும் இனி உங்கள் கவலை. முதல் காரியமாக ஏஜென்சியில் உங்கள் மொபைல் நம்பரைப் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிலிண்டர்காரர் கேட்கும் ஓ.டி.பி. தங்கையின் போனுக்குத்தான் வரும். மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்து, அவர்தான் உங்களுக்கு நம்பர் சொல்லிக்கொண்டிருப்பார்.