சாக்கடையைப் பிரித்துக் குடிநீர்க் குழாயையும் மாற்றும் திட்டத்தில் எதற்கு அதிகக் கவனம் தேவை?

கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய தெருவில் அவற்றை இரண்டாகப் பிரித்து, கூடவே குடிநீர்ப் பிரதானக் குழாயையும் மாற்றும் பணியை முதன்முறையாக ஏற்றிருப்பதாகவும், ஒப்பந்தப்புள்ளி இன்னும் கோரப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விட்டம், சாய்வு, மண் பரிசோதனை ஆகியவற்றை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இத்தகைய தெருப்பணிகளைப் பல ஆண்டுகளாக மேற்பார்வையிட்டு வருகிறேன். தெருவின் நடுவே போகும் பெரிய குழாயைவிட, ஒவ்வொரு வீட்டின் எல்லைக்கோட்டிலும் வந்து நிற்கும் சிறு குழாய்களே இத்திட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன என்பதே என் பதில்.

டொராண்டோவின் பழைய பகுதிகளில் இன்றும் ஒரே குழாய் முறை இருக்கிறது. கனமழையின்போது அக்குழாய்கள் கொள்ளளவை மீறுவதால், கழிவு கலந்த நீர் டான் ஆற்றிலும் ஒன்ராறியோ ஏரியிலும் கலக்கிறது. சில இடங்களில் வீடுகளின் நிலவறைக்குள்ளும் எதிர்த்து ஏறுகிறது. இதைத் தடுக்கத்தான் பிரிக்கிறோம். ஆனால் பிரிக்கும்போது ஒரு வீட்டின் கழிவு இணைப்பைத் தவறுதலாக மழைநீர்க் குழாயில் சேர்த்துவிட்டால், முன்பு மழை நாளில் மட்டும் ஏரிக்குப் போன மலக்கழிவு இனி ஆண்டு முழுவதும், அதுவும் சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடாமலே போகும். அதாவது, செய்யாமல் இருந்ததைவிட மோசமான நிலையை மக்கள் பணத்தில் உருவாக்கியிருப்போம்.

நான் பார்த்த ஒரு தெருவில் இதுதான் நடக்க இருந்தது. ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய, நூறாண்டு பழைய வீடுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றோ இரண்டோ சுட்டமண் குழாய்கள் வெளியே வந்தன. இரண்டு வந்த இடங்களில், ஒன்று கழிவுநீர், மற்றது கூரையும் அடித்தளமும் வடியும் மழைநீர் என்று ஒப்பந்ததாரரின் ஆட்கள் கருதி, அவ்வாறே புதிய குழாய்களில் இணைத்தார்கள். வீட்டுக்கு ஒரு கழிப்பறையில் சாயம் கரைத்து ஊற்றி, கழிவுநீர் மேன்ஹோலில் நிறம் தெரிந்தால் போதும் என்பது வழக்கம். நான் அந்த வழக்கத்தை ஏற்காமல், நிலவறை உட்பட, வீட்டில் நீர் உள்ளிறங்கும் ஒவ்வொரு வடிகால் வாயிலும் தனித்தனியே சாயம் ஊற்றச் சொன்னேன். ஒரு வீட்டில் மாடிக் கழிப்பறையின் சாயம் சரியான குழாயில் வந்தது. நிலவறைக் கழிப்பறையில் ஊற்றியபோதோ, மழைநீர் மேன்ஹோலின் அடியில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய நீர் சில நிமிடங்களில் பளீரென்ற பச்சையாக மாறியது. முன்பு அவ்வீட்டில் இருந்த யாரோ நிலவறையில் கழிப்பறை கட்டி, அருகிலிருந்த மழைநீர்க் குழாயிலேயே அதை இணைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே சாக்கடைக்குப் போன காலத்தில் அது யாருக்கும் தெரிய வழியில்லை.

அதற்குள் சாலையின் அடி அடுக்குத் தார் போட்டாயிற்று. மீண்டும் தோண்ட வேண்டாம், பின்னர் வீட்டுக்காரருக்குக் கடிதம் அனுப்பிக்கொள்ளலாம் என்று ஒப்பந்ததாரரும் சொன்னார், என் மேலதிகாரிகளில் ஒருவரும் சொன்னார். நான் பணிநிறைவுச் சான்றில் கையெழுத்திட மறுத்தேன். தோண்டி, அந்த இணைப்பை மாற்றிய பிறகே கையெழுத்திட்டேன். அந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான். ஒவ்வொரு வடிகால் வாயையும் சோதிப்பது வீண்செலவு என்று வாதிடும் மூத்த பொறியாளர்கள் இங்கேயும் இருப்பார்கள்; அவர்களின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரே காலத்தில் கட்டி, பின்னர் மாற்றாத குடியிருப்புகளுக்கு அவர்கள் சொல்வது பொருந்தலாம். பலமுறை இடித்துக் கட்டிய பழைய வீடுகளுக்குப் பொருந்தாது. எனக்குள்ள மனக்குறை வேறு: இத்துறையில் முன்னேற்றம் என்பது எத்தனை மீட்டர் குழாய் பதித்தோம் என்றே கணக்கிடப்படுகிறது. கதவைத் தட்டி, உள்ளே அனுமதி பெற்று, சாயம் ஊற்றிப் பார்க்கும் பணியாளரின் நாள், வாராந்தர அறிக்கையில் வெற்று நாளாகவே பதிவாகிறது.

குடிநீர்ப் பகுதியில் நடைமுறை தெளிவாக இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் தரைக்கு மேலே தற்காலிகக் குழாய் போட்டு வீடுகளுக்கு நீர் கொடுத்துவிட்டு, மிக ஆழத்தில் இருக்கும் கழிவுநீர்க் குழாயிலிருந்து மேல்நோக்கி வேலை செய்யுங்கள். கழிவுநீர்க் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் கிடைமட்டமாக 2.5 மீட்டர் இடைவெளி என்பது ஒன்ராறியோவின் பொது விதி. குறுகிய தெருவில் அது கிடைக்காது, அப்போது குடிநீர்க் குழாயைப் போதிய உயரத்தில் மேலே கொண்டுபோக வேண்டும். கிருமிகளை அழிக்கப் புதிய குழாயில் குளோரின் ஏற்றியபின் வரும் நுண்ணுயிர்ச் சோதனை முடிவுக்கு முன்னால் எந்த வீட்டையும் இணைக்க விடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி. 2000ஆம் ஆண்டில் இம்மாகாணத்தின் வாக்கர்ட்டன் ஊரில் மாசுபட்ட குடிநீரால் 7 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; இங்குள்ள கண்டிப்பில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்தது.

வீட்டு எல்லையில் ஈயக் குழாய் தென்பட்டால், நகராட்சிப் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். பாதியை வெட்டி மாற்றும்போது, எஞ்சிய பழைய குழாயின் உட்படிவு கலைந்து, குழாய்நீரில் ஈயம் சில காலத்துக்குக் கூடுவதுண்டு. வீட்டுக்காரர் தம் பக்கத்தையும் அதே வாரத்தில் மாற்றிக்கொள்ள வசதியாக, தோண்டுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவரிடம் பேசுங்கள்.

ஒப்பந்தப்புள்ளி இன்னும் வெளிவரவில்லை என்பதால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. விலைப்பட்டியலில் சாயச் சோதனையை ‘வடிகால் வாய் ஒன்றுக்கு’ என்ற அலகில் தனி இனமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மேல்தார் போடுவதற்கு முன் அதன் முடிவுகள் எழுத்தில் வர வேண்டும் என்ற நிபந்தனையையும் அதன் கீழேயே எழுதுங்கள். வேறு இனங்களுக்குள் அடக்கிவிட்டால், ஒப்பந்ததாரர் அதை வீட்டுக்கு ஒன்றாகக் குறைத்துவிடுவார், அதைத் தடுக்க உங்கள் கையில் எந்த ஆவணமும் இருக்காது.