எஞ்சின்ல காசு போடறதுக்கு முன்னாடி ஆர்சிய எடுத்துப் பாருங்கண்ணே

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம், அஞ்சு ஏக்கர் நெல்லு. அப்பாவோட 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2 ரொம்ப வருஷமா கொட்டகைலயே கெடக்கு, அப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு. கும்பகோணத்து மெக்கானிக் எஞ்சின் மட்டும் 1.4 லட்சம் ஆகும்ங்கறாரு. நானும் வீட்லயும் அதுலயே காசி போயிட்டு வரணும்னு ஆசை. சொசைட்டில நகைய வைக்கலாமா, 3 லட்சம் எஃப்டிய உடைக்கலாமா?

பதில்: நல்ல ஆசைண்ணே, தாராளமா செய்யுங்க. ஆனா பணம் எங்கேர்ந்துங்கறதுக்கு முன்னாடி வண்டி யார் பேர்லங்கறத பாக்கணும். ஆர்சி இன்னும் அப்பா பேர்லதான் இருக்கும்னு நெனைக்கிறேன், அப்படின்னா அது வாரிசுங்க எல்லாருக்கும் சேந்த சொத்து, நீங்க லட்சக்கணக்குல போட்டு ஓட வச்சப்பறம் கூடப்பொறந்தவங்க பங்கு கேட்டா வீணா மனஸ்தாபம்தான் வரும். இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்தவங்க சம்மதக் கையெழுத்து, படிவம் 31, இதெல்லாம் குடுத்து பேர மாத்துங்க, அப்பறம் மெக்கானிக்க கூப்புடுங்க. ஆர்சி ரினியூவல் விட்டுப்போயிருந்தா லேட் ஃபீஸ் மாசக்கணக்குல ஏறியிருக்கும், ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு அதையும் பட்ஜெட்ல சேத்துக்குங்க.

50 வருஷம் தாண்டிடுச்சே, விண்டேஜ்னு பதிஞ்சுடலாமேன்னு யாராச்சும் சொல்லுவாங்க. 2021ல வந்த மத்திய விதி அது, அப்படி பதிஞ்ச வண்டிய கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க இந்த மாதிரிக்குதான் ரோட்டுக்கு எடுக்கலாம். காசிக்கு போக அது ஒத்து வராது, சாதா ஆர்சியவே ரினியூ பண்ணுங்க.

இப்ப பணம். நகைய வைக்காதீங்க, அதுவும் விவசாயத்துக்குன்னு சொல்லி கம்மி வட்டில வாங்கி வண்டிக்கு போடவே போடாதீங்க, நாத்து, உரம்னு அவசரம் வந்தா கைய நீட்ட அந்த நகைதான் இருக்கு. எஃப்டியயும் உடைக்க வேணாம், அது மேல கடன் எடுங்க, பொதுவா எஃப்டி வட்டிய விட 1லேர்ந்து 2 சதவீதம்தான் கூட வரும். ஒரு லட்சம் ஆறு மாசத்துக்கு எடுத்தா உங்க எஃப்டி வட்டி போக கையவிட்டு போறது ஆயிரம் ரூபாக்குள்ளதான், சம்பா நெல்லு போட்ட காசு வந்ததும் கட்டிடலாம்.

1.4 லட்சத்த மொத்தமா தூக்கி குடுத்துடாதீங்கண்ணே. மொதல்ல எஞ்சின பிரிக்க மட்டும் கூலி குடுங்க, பிரிக்கும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க. முன்னாடி போர் பண்ணியிருந்தா, அதாவது தேஞ்ச சிலிண்டர பெருசா கடைஞ்சிருந்தா, பிஸ்டன் தலையில 020, 040ன்னு சைஸ் குத்தியிருக்கும். கடைசி சைஸ்ல நின்னா இனிமே சிலிண்டருக்குள்ள ஸ்லீவ்னு புதுக் குழாய் போட்டாதான் ஆகும், செலவு மாறும். பிஸ்டன் சுத்திவிடற கிராங்க் தண்ட லேத்ல அளந்து பாத்தப்பறம் மறுபடியும் எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. டீசல் எஞ்சின் மாத்திடலாம்னு சொன்னா கேக்காதீங்க, ஆர்சில எஞ்சின் நம்பர் மாறணும், அதுக்கு ஆர்டிஓ அனுமதி வேணும், வண்டியோட மதிப்பும் போயிடும்.

இத்தன வருஷம் நின்ன வண்டிக்கு பிரேக் சிலிண்டர், டயர், ஒயரிங், பெட்ரோல் டேங்க் துருன்னு தனியா ஒரு செலவு காத்திருக்கு, அத கேக்காம எஞ்சினுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம், பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற டயஃப்ரம் சவ்வும் அத தாங்காது, அதையும் மாத்திடுங்க.

ரெடியானதும் உடனே காசிக்கு கெளம்பிடாதீங்க. இன்சூரன்ஸ், குறைஞ்சது தேர்ட் பார்ட்டியாவது போட்டுட்டு வேதாரண்யம், நாகப்பட்டினம்னு மெதுவா ஓட்டுங்க, 500 கிலோமீட்டர்ல ஆயில மாத்துங்க. நம்ம டெல்டா பூரா சமதரை, ரேடியேட்டர் வீக்கா இருந்தாலும் இங்க காட்டிக்குடுக்காது, அதனால ஒரு தடவ ஏற்காடு மலை ஏத்தி டெம்பரேச்சர் முள்ள பாத்துட்டு அப்பறம் காசிக்கு தேதி வைங்க. எஸ்டிமேட் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்க, எந்த செலவ தள்ளிப்போடலாம்னு சேந்து பாப்போம்.