மருகலில் அழுதவள்

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். நானும் ஒரு பெண்ணும் நான்கு வருடங்களாக விரும்புகிறோம். அவளுக்குச் செவ்வாய் தோஷம், எனக்கு இல்லை. கட்டினால் என் உயிருக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. வைத்தீஸ்வரன்கோயிலில் ஆரம்பித்து நவக்கிரகக் கோயில் ஒன்பதும் போய்வந்துவிட்டோம். அவளை ஒரு வருடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். பரிகாரத்தில் தோஷம் போகுமா? ஜாதகத்தில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா?
ர.

அன்புள்ள ர.,

எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அதை விடுங்கள். ஜோசியர் சொன்னதை எழுதிய நீங்கள், பொறுக்கச் சொன்னபோது அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எழுதவில்லையே தம்பி.

என் அத்தை ஒருவருக்கும் செவ்வாய் தோஷம். விரும்பிக் கேட்டு வந்த பக்கத்து ஊர்க்காரர் உங்களைப் போலத்தான் பொறுக்கச் சொன்னார். அப்புறம் அவர் வீட்டில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். அத்தை கடைசிவரை எங்கள் வீட்டு ரேழியில்தான் இருந்தார். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் அந்த ஜாதகம் கிடைத்தது. யார் யாருக்கோ விரித்துக் காட்டி மடிப்பில் கிழிந்துபோனதை, பின்னால் துணி வைத்து அத்தையே நூலால் தைத்து வைத்திருந்தார்.

ஒன்பது கோயில் போனவர் திருமருகலுக்குப் போயிருக்க மாட்டீர்கள். நன்னிலத்திலிருந்து நாகப்பட்டினம் போகிற வழியில்தான் இருக்கிறது. பெரிய புராணத்தில் அந்தக் கதை வருகிறது. வைப்பூரில் தாமன் என்ற வணிகனுக்கு ஏழு பெண்கள். மூத்தவளை முறைப்பையனான தன் மருமகனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, பணம் கொடுத்த வேறொருவனுக்குக் கட்டிவைத்தான். இப்படியே ஒவ்வொருத்தியாக ஆறு பேர். ஏழாமவள் பொறுக்கமாட்டாமல், வீட்டுக்குத் தெரியாமல் அந்த மருமகனோடு கிளம்பிவிட்டாள். மருகலில் தங்கிய இரவு அவனைப் பாம்பு கடித்துவிட்டது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் செத்துக் கிடந்தவனைத் தொட்டு அழக்கூட முடியாமல், கோயிலைப் பார்த்துக் கதறினாள். அந்தப் பக்கம் வந்த சம்பந்தர், பயப்படாதே என்றார், நடந்ததைக் கேட்டார், அவ்வளவுதான். நட்சத்திரம் கேட்கவில்லை, அப்பனுக்குத் தெரியாமல் ஓடிவந்தாயே என்று ஏசவில்லை. நேராகச் சிவனிடம், 'உடையாய் தகுமோ இவள் உண்மெலிவே' என்று பாடினார். இவள் இப்படி உள்ளுக்குள் வாடுவது உனக்குத் தகுமா என்று ஒரு பெண்ணுக்காகச் சாமியையே நியாயம் கேட்கிறார்! செத்தவன் எழுந்தான், இரண்டு பேருக்கும் அவரே கல்யாணமும் செய்து வைத்தார். எனக்குப் பக்தி என்றால் அதுதான். நீங்களோ அதே சாமியைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணைக் காக்கவைத்திருக்கிறீர்கள். கோபம் வருகிறது எனக்கு.

அதே சம்பந்தர் மதுரைக்குக் கிளம்பும்போது, நாளும் கோளும் சரியில்லை என்று திருமறைக்காட்டில் அப்பர் தடுத்தார். நாளும் கோளும் சிவனடியாருக்கு நல்லதே செய்யும் என்று அப்போது பாடியதுதான் கோளறு பதிகம். பாடிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். உங்கள் வீட்டிலும் யாராவது அதைத் தினம் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அம்மாவிடம் எரிந்து விழாதீர்கள். பிள்ளை உயிருக்கு ஆகாது என்று ஒருவன் சொன்னால் எந்தத் தாய்க்கும் சோறு இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள், இந்தக் கல்யாணம் நடக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் இந்த வாரமே அந்தப் பெண் வீட்டுக்குப் போய், ஒரு வருடம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தேதி பேசுங்கள். மருகலில் வைத்துக்கொண்டால் நானும் வருகிறேன்.