பெரிய சிவப்பு நாய் குட்டியாக இருந்தபோது

கேள்வி: நாலு வயதுப் பிள்ளைக்கு ‘கிளிஃபோர்ட்ஸ் பப்பி டேஸ்’ கார்ட்டூனைக் காட்டலாமா? அதற்கு முன்னால் வந்த, நாய் வளர்ந்து பெரிதாக இருக்கிற பெரிய கிளிஃபோர்டு தொடரைப் பார்க்காமல் நேராக இதிலிருந்தே ஆரம்பித்தால் புரியுமா?

காட்டலாம். தாராளமாகப் புரியும். நாலு வயதில் முன்கதை, பின்கதை என்ற கணக்கெல்லாம் கிடையாது. திரையில் ஒரு சிவப்பு நாய்க்குட்டி ஓடினால் போதும். ஆனாலும் என்னைக் கேட்டால், ஒரு பத்து நாளாவது பெரிய கிளிஃபோர்டைக் காட்டிவிட்டு அப்புறம் குட்டிக்கு வாருங்கள் என்பேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது நியூஜெர்சியில். மகளுக்கு நாலு வயது ஆகப்போகும் சமயம், எங்கள் ஊர் நூலகத்தில் இரண்டு தொடர்களின் டிவிடிகளும் கிடைத்தன. அப்போது அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு தங்கியிருந்தார். வெளியே பனி. பாட்டியும் பேத்தியும் சோபாவில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து மாலை மாலை கிளிஃபோர்டுதான். நான் பாதி நேரம் திரையைப் பார்த்தேன், மீதி நேரம் அவர்கள் இருவரையும். என் கருத்துகளில் பாதி அம்மாவிடமிருந்து திருடியவை.

தெரியாதவர்களுக்காகச் சின்ன அறிமுகம். கிளிஃபோர்டு அமெரிக்காவில் மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்குத் தெரிந்த நாய். 1963-இல் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் வெளியிட்ட படக்கதைப் புத்தகத்தில் பிறந்தது. எழுதி வரைந்தவர் நார்மன் பிரிட்வெல். தன் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்கியவர். எங்கும் வேலைக்கு ஆகவில்லை. ஒரு பெண் ஆசிரியர் மட்டும், சிறுமியும் ஒரு பெரிய சிவப்பு நாயும் இருந்த படத்தைக் காட்டி, இதில் ஒரு கதை இருக்கலாமே என்றாராம். வீட்டுக்குப் போய் எழுதிவிட்டார். சிறுமிக்குத் தன் மகளின் பெயரையே வைத்தார்: எமிலி எலிசபெத். நாய்க்கு அவர் முதலில் வைக்க நினைத்த பெயர் ‘டைனி’, அதாவது ‘பொடியன்’. அவ்வளவு பெரிய நாய்க்குப் பொடியன் என்று பெயர் வைத்தால் வேடிக்கை என்பது அவர் எண்ணம். மனைவிக்கு அது சப்பென்று இருந்திருக்கிறது. சின்ன வயதில் அவர் தனக்குள் கற்பனை செய்துகொண்ட தோழனின் பெயர் கிளிஃபோர்டு. அதையே வைக்கச் சொன்னார். நாற்பது வருடம் கழித்து, வைக்காமல் விட்ட அந்தப் பெயருக்குப் பொருந்துகிற மாதிரி நாயைச் சுருக்கிவிட்டார்கள்!

பெரிய கிளிஃபோர்டு தொடர் 2000 செப்டம்பரில் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் கிளிஃபோர்டு வீட்டை விட உயரம். பேர்ட்வெல் தீவு என்ற கற்பனை ஊர். எழுதியவரின் பெயரை லேசாகத் திருப்பி வைத்தது. கூட்டாளிகள் இரண்டு நாய்கள்: ஊதா நிறத்துக் கிளியோ, மஞ்சள் நிறத்து டி-போன். வேடிக்கை முழுக்க அளவில்தான். நாய் நல்ல மனசோடு உதவப் போகும், வால் ஆட்டும், ஏதாவது ஒன்று சரியும். அம்மா முதல் நாள் கேட்டது: “இத்தனை பெரிய நாய்க்கு யார்டா சோறு வடிக்கிறது?” இரண்டாம் நாள்: “இது வெளிக்குப் போனா யாரு அள்றது?” இந்த இரண்டாவது கேள்விக்குத் தொடரில் பதில் இல்லை. மகள் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

குட்டிக் கிளிஃபோர்டு 2003 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. தீவு இல்லை. நகரத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் எமிலி எலிசபெத்தின் வீடு. அந்த வீட்டிலேயே டாஃபடில் என்ற முயல். நாய்க்குட்டி எங்கே போய் மாட்டிக்கொள்ளுமோ என்று எந்நேரமும் கவலைப்படுகிற, ஒண்டுக்குடித்தனத்துப் பெரியம்மா மாதிரியான முயல். அதே கட்டடத்தில் ஹோர்கே என்ற குட்டைக்கால் நீளமுடம்பு நாய், ஃப்ளோ, ஸோ என்று இரண்டு பூனைகள், வெளியே நார்வில் என்ற பறவை. நார்விலுக்குக் குரல் கொடுத்தவர் ஹென்றி விங்க்ளர். எழுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோல் ஜாக்கெட் போட்ட கெத்துப் பையனாக வந்தவர்.

குட்டிக் கிளிஃபோர்டுக்குக் குரல் லாரா ஜில் மில்லர். பெரிய கிளிஃபோர்டின் குரல் ஜான் ரிட்டர் என்ற நகைச்சுவை நடிகர். கனமான உடம்புக்குள்ளிருந்து ஒரு தயங்கிய, மெத்தென்ற குரல். குட்டித் தொடர் தொடங்கிப் பத்தே நாளில், 2003 செப்டம்பர் 11-இல், அவர் திடீரென்று இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பெரிய நாய் “ஹஹ்ஹா” என்று சிரிக்கும்போது எனக்கு என்னவோ செய்தது. பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரபலமான பாத்திரங்களைக் குழந்தையாக்குவது அமெரிக்கக் கார்ட்டூன்காரர்களின் பழைய வியாபாரம். 1984-இல் மப்பெட் பொம்மைகளைத் தொட்டில் குழந்தைகளாக்கினார்கள். 1988-இல் ஸ்கூபி-டூ என்ற கார்ட்டூன் நாய் குட்டியானது. ‘புதுப் பொம்மை விற்க ஒரு வழி’ என்ற சந்தேகத்தோடுதான் நானும் இந்த டிவிடியைப் போட்டேன். அதிலும் கிளிஃபோர்டு விஷயத்தில் இது இன்னும் மோசமான யோசனை மாதிரி இருந்தது. அந்த நாயிடம் இருப்பதே பருமன் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் சிவப்புச் சாயம் தவிர என்ன மிச்சம்?

மிச்சம் இருந்தது. அதை எனக்குக் காட்டியது மகள்தான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவள் சோபாவை விட்டு இறங்கி, தரைவிரிப்பில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடா என்றால், “கிளிஃபோர்டு இப்படித்தான்ப்பா பார்க்கும்” என்றாள். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். நாற்காலிக் கால்கள் பதினாறும் தோப்பு மாதிரி நிற்கின்றன. மேஜைப் பலகையின் அடிப்பக்கத்தில் யாரோ எப்போதோ ஒட்டிய விலைச்சீட்டு. தூரத்தில் அம்மாவின் பாதங்கள், காய்ந்த மருதாணியோடு. அந்த வீட்டில் நாலு வருடம் இருந்தும் நான் பார்க்காத இடம் அது.

அந்தத் தொடர் செய்வது அதைத்தான். மாடிப்படி அங்கே மலை. கதவுக் கைப்பிடி எட்டாத உயரம். மேலே ஏறிய பொருள் இல்லாமல் போன பொருள். பெரிய கிளிஃபோர்டு பிள்ளைகளின் ஆசை: வீட்டை விடப் பெரிதாக வளர வேண்டும், ஆனாலும் எல்லாரும் கொஞ்ச வேண்டும். குட்டிக் கிளிஃபோர்டு பிள்ளைகளின் அன்றாடம். கை எட்டாது, சொன்னால் புரியாது, ‘நீ சின்னவன், உன்னால் முடியாது’ என்று நாலு பேர் சொல்வார்கள்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். முதலில் பெரிய நாயைப் பார்த்த பிள்ளைக்கு ஒரு ரகசியம் தெரியும். அந்தக் குட்டிக்குத் தெரியாது. எதையோ எட்டிப் பிடிக்கப் பார்த்து எட்டாமல் அது உட்கார்ந்துவிடும்போது, என் மகள் திரைக்கு மிக அருகே போய் ஆங்கிலமும் தமிழுமாக அதனிடம் சொல்லுவாள்: “கவலைப்படாதே, நீ ரொம்ப ரொம்பப் பெரிசா ஆகப்போறே. வீட்டை விடப் பெரிசு. எனக்குத் தெரியும்.” வகுப்பிலேயே குள்ளமான பிள்ளை அவள். தனக்குத் தெரிந்த எதிர்காலத்தை இன்னொருவருக்குச் சொல்லும் வாய்ப்பு அவளுக்கு வேறெங்கே கிடைக்கும்? குட்டியிலிருந்து ஆரம்பித்தால் இது கிடைக்காது. அது வெறும் நல்ல நாய்க்குட்டிக் கார்ட்டூனாக இருக்கும்.

குறைகளும் உண்டு. எனக்குப் பெரிதாகப் பட்டது, வளர்ச்சியே தொடரில் இல்லை என்பது. பிரிட்வெல் 1972-லேயே ‘கிளிஃபோர்டு தி ஸ்மால் ரெட் பப்பி’ என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் கிளிஃபோர்டு ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே நோஞ்சான். வேறு குட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லியும் எமிலி எலிசபெத் கேட்கவில்லை. இது வளர வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். அது வளரத் தொடங்குகிறது. கழுத்துப்பட்டை பத்தவில்லை, புதிது வாங்கினால் அதுவும் பத்தவில்லை. கடைசியில் நகரத்து வீட்டுக்குள் அடங்காமல் போய் ஊரையே மாற்ற வேண்டி வருகிறது. பாசத்துக்கு இப்படி ஒரு பக்கவிளைவு! மொத்தக் கிளிஃபோர்டு கதைகளிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தொலைக்காட்சித் தொடரோ குட்டியைக் குட்டியாகவே வைத்திருக்கிறது. புத்தகத்தில் மளமளவென்று நடப்பதை இங்கே அத்தியாயம் அத்தியாயமாகத் தள்ளிப்போடுகிறார்கள். தொடர் ஓட வேண்டுமே, வேறு வழியில்லை. அதனால் டிவிடியோடு அந்தப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று, உபதேசம். பெரிய கிளிஃபோர்டிலேயே ‘கிளிஃபோர்டின் பெரிய யோசனைகள்’ என்று பகிர்ந்துகொள், உண்மை பேசு, பொறுப்பாக இரு என்று பத்து வைத்திருந்தார்கள். குட்டியிலும் ஒவ்வொரு கதைக்கும் பின்னால் அதே மாதிரி ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. அரை மணியில் இரண்டு கதை என்பதால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது ஆறுதல். பெரியவர்களுக்குக் கொட்டாவி வரும். அம்மாவுக்கு வரவில்லை, நாம் சின்ன வயதில் கேட்ட பஞ்சதந்திரக் கதைகள் மட்டும் என்ன வாழ்ந்தது என்றார்.

ஒரு நல்ல விதியையும் சொல்ல வேண்டும். இரண்டு தொடர்களிலும் விலங்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். மனிதர்கள் காதில் குரைப்புதான் விழும். எமிலி எலிசபெத்தே கிளிஃபோர்டு சொல்வதை ஊகித்துத்தான் தெரிந்துகொள்கிறாள், பெரும்பாலும் சரியாக. 2019-இல் வந்த புதுக் கிளிஃபோர்டில் நாயும் சிறுமியும் நேராகவே பேசிக்கொள்கிறார்கள். அதில் ஏதோ ஒன்று போய்விட்டது. நாங்கள் இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டோம்.

உங்கள் பிள்ளை கேட்கப்போகிற ஒரு கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே தயாராக இருங்கள். பெரிய கிளிஃபோர்டைத் திரும்பப் போட்ட அன்று மகள் கேட்டாள்: “டாஃபடில் எங்கேப்பா?” தீவு வீட்டில் அந்த முயல் இல்லை. பெரிய தொடர் எடுத்தபோது முயலை யாரும் யோசித்திருக்கவில்லை என்பதுதான் காரணம். முன்கதையைப் பின்னால் எழுதினால் இப்படித்தான், யாராவது ஒருவர் காணாமல் போவார். இதை நாலு வயதுக்கு எப்படிச் சொல்வது? நான் “அது உள்ளே தூங்குதும்மா” என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. வீட்டின் ஒவ்வொரு ஜன்னலாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

அம்மாதான் கீரை ஆய்ந்துகொண்டே நிமிராமல் சொன்னார்: “ஊர் மாத்திப் போனாங்க இல்ல, அப்ப யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருப்பாங்க. கும்பகோணத்து வீட்டைக் காலி பண்ணினப்போ மணியை எதிர்வீட்டுல விட்டுட்டு நாம வரலையா?”

மகள் டிவியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மணி யாரு?”

அன்று அவள் தூங்கும்போது மணி பத்தரை.