23ஆ, 25ஆ? நமக்கு எது எல்லை?

கேள்வி: எனக்கு வயது 46. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 61 கிலோ. அலுவலகத்தில் நடந்த உடல்நலப் பரிசோதனையில் என் பிஎம்ஐ 24.4 என்றும் 'மிதமான அபாயம்' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். லண்டனில் இருக்கும் அக்காவோ 25 வரை சரியான எடைதான் என்கிறார். பூசினாற்போல் இருந்தால்தான் அழகு என்பது என் கணவரின் கட்சி. அம்மாவுக்கு 50 வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டது. பயத்தில் ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். நான் குண்டா, இல்லையா?
— ஈசூன் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, முதல் வேலையாக மதியச் சாப்பாட்டை மறுபடி தொடங்குங்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் இரண்டு மடங்காகச் சாப்பிட நேர்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ. உங்கள் கணக்கு 61ஐ 2.4964ஆல் வகுத்து 24.4 என வருகிறது. பரிசோதனைத் தாளில் பிழை இல்லை. 1830களில் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடோல்ஃப் கெட்டலே மக்கள் கூட்டத்தின் பொதுவான உடல் அளவுகளை ஆராய்வதற்காக வகுத்த கணக்கு இது. தனி ஒருவரின் உடலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. ஆகவே 'குண்டா, இல்லையா' என்ற கேள்விக்கு இந்த எண்ணிடம் பதில் தேட வேண்டாம். நீரிழிவு, இதய நோய் போன்றவை வரும் வாய்ப்பு கூடியிருக்கிறதா என்று கேளுங்கள், அதற்குத்தான் அது பதில் வைத்திருக்கிறது.

அக்கா சொல்லும் 25 உலகப் பொது அளவுகோல். ஆனால் ஆசியர்களுக்கு, குறிப்பாக நம் இந்திய வம்சாவளியினருக்கு, அதே பிஎம்ஐயில் ஐரோப்பியரைவிடக் கொழுப்பு அதிகம்; அதுவும் வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்வதால், பார்வைக்கு ஒல்லியாகத் தெரிபவருக்கும் இளம் வயதிலேயே சர்க்கரை ஏறிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இதை ஆராய 2002இல் கூடியது நம் சிங்கப்பூரில்தான். அதைத் தொடர்ந்து 2005இல் இங்கு எல்லைகள் திருத்தப்பட்டன: 18.5 முதல் 22.9 வரை குறைந்த அபாயம், 23 முதல் 27.4 வரை மிதமான அபாயம், 27.5க்கு மேல் அதிக அபாயம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் தெற்காசியர்களுக்கு 23ஐயே எல்லையாகச் சொல்கிறது என்பதை அக்காவிடம் அவசியம் தெரிவியுங்கள், அது அவருக்கும் பொருந்தும்.

பிஎம்ஐ சொல்லாத வயிற்றுக் கொழுப்பை ஒரு தையல் நாடா சொல்லிவிடும். நம் பெண்கள் பலரும் சேலை செருகும் இடத்தில் நாடாவைச் சுற்றி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்கிறார்கள். அந்த அளவால் பயனில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, துணியை விலக்கி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் அளந்து பாருங்கள். இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது ஆசியர்களுக்கான எல்லை. உங்கள் கணவரையும் பக்கத்தில் நிறுத்தி அளந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் எடையைவிட அம்மாவின் நீரிழிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடும் என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள். 40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்து, ஒரே குடும்ப மருத்துவரிடம் இவற்றைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளலாம்.

குறைக்க வேண்டியது மலையளவு அல்ல. மூன்று கிலோ, அதாவது உங்கள் எடையில் சுமார் 5 விழுக்காடு, குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சீராக உதவும். 58 கிலோவில் உங்கள் பிஎம்ஐ 23.2 ஆகிவிடும். இதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ கோழியோ இருக்கட்டும். உணவங்காடியில் கெட்டிப்பால் கலந்த 'தே' குடிப்பவராக இருந்தால், 'தே சி கொசோங்' (சர்க்கரை இல்லாமல், இனிப்பில்லாத பால் கலந்த தேநீர்) என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு குவளை குடிப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே கணிசமானது. வாரத்தில் 150 நிமிடம் வேக நடையும், தசை கரையாமல் இருக்க வாரம் இரு நாள் வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பரிசோதனைத் தாளோடு இடுப்பளவையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அம்மாவுக்கு எந்த வயதில் நீரிழிவு வந்தது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.